ஏலமேடை யாரையும் வளர்க்கவில்லை

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் மைதானத்தில் டெஸ்ட் தொப்பி வாங்கியபோது தமிழ்நாடே பூரித்துப்போனது. கூடவே ஒரு பேச்சும் எங்கும் கேட்டது: ஐபிஎல் மட்டும் இல்லையென்றால் இந்தப் பையன் இன்னும் ஊரில் டென்னிஸ் பந்துதான் வீசிக்கொண்டிருப்பான். டீக்கடையில் தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை இன்று அதுதான் பொதுக்கருத்து. எளிய வீட்டுப் பிள்ளைகளைக் கண்டெடுத்தது ஐபிஎல். வீரர்களுக்குச் சோறு போட்டது ஐபிஎல். காலியாகக் கிடந்த மைதானங்களை நிரப்பியது ஐபிஎல். இந்திய அணிக்கு அச்சமற்ற ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததும் அதுவே. இதில் ஒன்றைச் சந்தேகப்பட்டால்கூடப் பழைய காலத்திலேயே தங்கிவிட்ட ஆள் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். நான் இவற்றில் ஒன்றையல்ல, எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறேன். என் சந்தேகத்துக்குக் காரணம் பழைய நினைவுகளல்ல, எல்லோர் கண்முன்னும் இருக்கிற தேதிகளும் கணக்குகளும்.

நடராஜனிலிருந்தே தொடங்குகிறேன். அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தவர் அவர் ஊர்க்காரர், டென்னிஸ் பந்து ஆட்டங்களில் அவரைப் பார்த்த ஓர் அண்ணன். சென்னை லீக்கில் படிப்படியாக ஏறி, 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்கு ஆடினார். அதன்பின் அவர் பந்துவீசும் முறை சரியில்லை என்று புகார் வந்தது. ஒரு வேகப்பந்து வீச்சாளனின் வாழ்க்கை அந்த ஒரு புகாரோடு முடிந்துபோக எல்லா வாய்ப்பும் உண்டு. பயிற்சியாளர்கள் அவரை உட்காரவைத்து, கையை ஒவ்வோர் அங்குலமாகத் திருத்தி, மறுபடி ஓடவிட்டார்கள். பிறகுதான் 2016இல் தமிழ்நாட்டின் 20 ஓவர் லீக்கான டிஎன்பிஎல். அதற்கும் பிறகு, 2017 பிப்ரவரியில், பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்தப் பணம் ஒரு தினக்கூலிக் குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றியது. அதை ஒரு சொல்லாலும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வளர்த்தவர்கள் வேறு, விலை சொன்னவர்கள் வேறு. இரண்டாமவர்களுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு துளிகூட முதலாமவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத குறை.

ஜஸ்ப்ரித் பும்ராவையும் இப்படித்தான் சொல்வார்கள். 2013இல் மும்பை அணியின் கண்ணில் அவர் பட்டது உண்மை. ஆனால் எங்கே பட்டார்? குஜராத் மாநில அணிக்காக உள்நாட்டுப் போட்டியில் ஆடியபோது. ஐபிஎல்லில் நுழைந்த அதே ஆண்டின் இறுதியில் ரஞ்சியில் இறங்கினார். முதல் டெஸ்ட் ஆடியது 2018 ஜனவரியில், கேப் டவுனில். இடையிலிருந்த ஆண்டுகளில் நாலு நாள் ஆட்டங்களில் அவர் வீசிய நீண்ட ஸ்பெல்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முகமது சிராஜ் 2016–17 ரஞ்சிப் பருவத்தில் ஹைதராபாத்துக்காக 41 விக்கெட் எடுத்தார். ஏலத்தில் 2.6 கோடிக்குப் போனது அதற்கு அடுத்து. தேதிகளை வரிசையாக அடுக்கினாலே போதும், யார் யாரைக் கண்டெடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

வாஷிங்டன் சுந்தரை மறுதரப்பு காட்டலாம், காட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் முதல்தர ஆட்டமே ஆடாமல், குறுகிய ஆட்டங்களிலிருந்து நேரே பிரிஸ்பேன் டெஸ்டில் இறங்கி 62 ரன் அடித்தார், விக்கெட்டும் எடுத்தார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 62 ரன்னை ஒருமுறை திரும்பப் பாருங்கள். பந்தை உடம்புக்கு அருகில் விட்டு, மட்டையை நேராக இறக்கி ஆடிய ஆட்டம் அது. 2017இல் ரஞ்சியில் தமிழ்நாட்டின் தொடக்க ஆட்டக்காரராகச் சதமடித்த பையனின் ஆட்டம். சென்னை லீக் அவருக்குச் சிறுவயதிலேயே போட்ட அடித்தளத்தின்மேல்தான் எல்லாம் நின்றது.

வாய்ப்பு என்று பேசுகிறவர்கள் எண்ணிக்கையையும் பார்க்கட்டும். ஐபிஎல்லில் 10 அணிகள். ஒவ்வோர் அணியின் பதினொருவரிலும் நான்கு வெளிநாட்டவருக்கு இடம் உண்டு. ரஞ்சியில் 38 அணிகள், பதினொருவராகக் கணக்கிட்டால் 418 பேர். வடகிழக்கு மாநிலங்கள் உள்ளே வந்தன, பீகார் திரும்ப வந்தது, புதுச்சேரிக்குத் தனி அணி கிடைத்தது. 2017–18, 2018–19 இரண்டு பருவமும் விதர்பா கோப்பையை வென்றது. பிறகு சவுராஷ்டிரா, பிறகு மத்தியப் பிரதேசம். பம்பாயும் டெல்லியும் கர்நாடகமும் தங்கள் சொத்தாக வைத்திருந்த கோப்பை நாக்பூருக்கும் ராஜ்கோட்டுக்கும் இந்தூருக்கும் போனது. சிற்றூர்களின் எழுச்சி என்று எதையாவது சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஏலமேடை எதற்கு விலை வைக்கிறது என்பதற்கு ஒரு நாள் போதும்: 2018 டிசம்பர் 18. அன்று காலை பெர்த் டெஸ்ட் முடிந்தது. அதற்கு முந்தைய அடிலெய்ட் டெஸ்டில் 123 ரன் எடுத்து இந்தியாவை வெல்லவைத்திருந்தார் சேத்தேஷ்வர் புஜாரா. அதே நாளில் ஜெய்ப்பூரில் ஏலம். அடிப்படை விலை 50 லட்சம். யாரும் கை தூக்கவில்லை. அந்தத் தொடர் முடிந்தபோது புஜாரா 1258 பந்துகளைச் சந்தித்து 521 ரன் எடுத்திருந்தார், இந்தியா ஆஸ்திரேலிய மண்ணில் முதன்முறையாக டெஸ்ட் தொடரை வென்றிருந்தது. அணி முதலாளிகளைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் நடத்தும் வியாபாரத்துக்குப் புஜாரா தேவையில்லை என்பது சரியான கணக்காகவே இருக்கலாம். நான் சொல்வது இவ்வளவுதான்: இந்தியா எழுபது ஆண்டு காத்திருந்து அடைந்த வெற்றியைத் தோளில் சுமந்தவனுக்கு 50 லட்சம்கூடத் தராத ஓர் அளவுகோலை, இந்தியக் கிரிக்கெட்டின் அளவுகோலாக ஏற்கச் சொல்லாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 மே 29 அன்று தொடங்கிய ஐபிஎல் இறுதியாட்டம் அகமதாபாத்தில் நள்ளிரவு தாண்டி முடிந்தது. ஜூன் 7இல் லண்டன் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். 209 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். ஆஸ்திரேலியாவுக்காக டிராவிஸ் ஹெட் 163, ஸ்டீவ் ஸ்மித் 121. இருவரும் அந்த ஆண்டு ஐபிஎல் ஆடவில்லை. ஸ்மித் அதற்கு முன் சசெக்ஸ் கவுன்டிக்காக நாலு நாள் ஆட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தார். 2024 அக்டோபரில் நியூசிலாந்துக்கு எதிராகப் பெங்களூருவில் 46 ரன்னுக்குச் சுருண்டோம், அந்தத் தொடரில் மூன்றுக்கு மூன்று தோற்றோம். சொந்த மண்ணில் பன்னிரண்டு ஆண்டாகத் தொடர் தோற்காத அணி நம்முடையது. தொடர் நாயகன் வில் யங், ஐபிஎல் பக்கமே வராதவர். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தது. சைமன் ஹார்மர் 17 விக்கெட் எடுத்தார், குவாஹாட்டியில் 408 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். ஹார்மருக்கு அப்போது வயது 36, எசெக்ஸ் கவுன்டியில் ஆண்டுக்கணக்காக ஓவர் ஓவராக வீசிப் பழகிய கை அவருடையது.

ஆடுகளத் தயாரிப்பு, அணித் தேர்வு, ஓய்வுபெற்ற மூத்த வீரர்களின் இடம் என்று இந்தத் தோல்விகளுக்குப் பல காரணங்கள் உண்டு. நியூசிலாந்து அணியில் ஐபிஎல் வீரர்களும் இருந்தார்கள், ஆஸ்திரேலிய அணியிலும் இருந்தார்கள். எல்லாப் பழியையும் ஒரே இடத்தில் போடுவது நேர்மையாகாது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சுழற்பந்தைக் காலை நீட்டித் தடுத்து ஒரு மணி நேரம் நிற்பது ஒரு காலத்தில் நம் மட்டையாளர்களின் கூடப்பிறந்த திறமையாக இருந்தது. 1975இல் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு பேரைச் சாய்த்த இன்னிங்ஸில் குண்டப்பா விஸ்வநாத் 97 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார், வேகத்துக்கு எதிராகவும் நமக்கு அந்தப் பொறுமை இருந்தது. அந்தத் திறமை எந்தப் பயிற்சியில் இப்போது பிறக்கும்? அதற்கு எந்த ஏலத்தில் என்ன விலை?

பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கடைசியில் எல்லா வாதமும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஐபிஎல் பணத்தில்தான் ரஞ்சி நடக்கிறது, ஐபிஎல் விழுந்தால் எல்லாம் விழும் என்கிறார்கள். 2020ஐ நினைவுபடுத்துகிறேன். கொரோனா நாடு முழுக்கப் பரவியிருந்தபோது, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, ஐபிஎல் ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு முழுதாக நடந்து முடிந்தது. விமானம், விடுதி, பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாவற்றுக்கும் வழி கிடைத்தது. அந்தப் பருவத்தில் ரஞ்சிக் கோப்பை நடக்கவில்லை. 1934இல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக. உலகப் போரின்போதுகூட நிற்காத போட்டி அது. ரஞ்சி மட்டுமே ஆடிப் பிழைக்கும் நூற்றுக்கணக்கான வீரர்களுக்கு ஒரு வருட வருமானம் போயிற்று. முந்தைய பருவத்தில் ஆடியவர்களுக்கு இழப்பீடாக ஆட்ட ஊதியத்தில் பாதி தரப்படும் என்ற அறிவிப்பு 2021 செப்டம்பரில்தான் வந்தது. அடுத்த பருவத்து ரஞ்சியும் இரண்டாக வெட்டப்பட்டது. பிப்ரவரி, மார்ச்சில் லீக் ஆட்டங்கள், நடுவில் ஐபிஎல்லுக்கு வழிவிட்டு, ஜூன் வெயிலிலும் மழையிலும் நாக் அவுட். ஐபிஎல் ரஞ்சியைக் காப்பாற்றும் என்றால், காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அது ஏன் நடக்கவில்லை?

வீரர்கள் கோடீஸ்வரர்களாகிவிட்டார்கள் என்ற பேச்சையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2023 முதல் 2027 வரைக்கான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. ஆண்டுக்கு 9,678 கோடி. 2025இல் ஓர் அணி வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்த உச்சவரம்பு, ஆட்ட ஊதியம் எல்லாம் சேர்த்து, 146 கோடி. பத்து அணிக்கு 1,460 கோடி. ஒளிபரப்புப் பணத்தில் மட்டும் பார்த்தாலே ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. விளம்பரதாரர் பணம், நுழைவுச்சீட்டுப் பணம் இதில் சேரவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி வீரர்களுக்குப் போகிறது, அங்கே வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஒப்பந்தம் பேசி வாங்குகிறார்கள். ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனதைக் காட்டி நம்மை வாய்பிளக்க வைக்கிறார்கள், அந்த 27 கோடி எவ்வளவு பெரிய தொகையின் எவ்வளவு சிறிய துண்டு என்பதை யாரும் காட்டுவதில்லை.

கீழே இறங்கிப் பாருங்கள். நாற்பதுக்கு மேல் ரஞ்சி ஆட்டம் ஆடிய மூத்த வீரருக்கு 2021இல் நிர்ணயித்த ஊதியம் நாளொன்றுக்கு 60,000 ரூபாய். நாலு நாளைக்கு 2,40,000. ஐபிஎல்லில் ஓர் ஆட்டத்துக்கு, அதாவது மூன்றரை மணி நேரத்துக்கு, ஏலத்தொகை போக ஆட்ட ஊதியமாகவே ஏழரை லட்சம் என்று 2024இல் அறிவித்தார்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவன் எந்த ஆட்டத்துக்குத் தன் கையைப் பழக்குவான்? அவனைக் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? 2024இல் ரஞ்சி ஆடாததற்காக இஷான் கிஷனையும் ஷ்ரேயஸ் ஐயரையும் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த மாதமே டெஸ்ட் ஆடுகிறவர்களுக்கு ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. டெஸ்ட் ஆட ஆளை அழைத்துவர அபராதமும் ஊக்கத்தொகையும் தேவைப்படும் நிலை எப்படி வந்தது என்று வாரியம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். விதைநெல்லைக் குத்தி விருந்து வைத்துவிட்டு, அடுத்த போகத்துக்கு வயலை அதட்டுவதில் பயனில்லை.

மற்ற கறைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவை எல்லோருக்கும் தெரிந்தவை. 2013இல் சூதாட்டப் புகாரில் மூன்று வீரர்கள் கைதானார்கள். வாரிய நிர்வாகியே அணியும் வைத்துக்கொள்ள வழிசெய்த விதித் திருத்தத்தை 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டு ஆண்டு விலக்கப்பட்டன. 2020 போட்டிக்குப் பெயர் கொடுத்தது காசு கட்டி அணி சேர்க்கும் செயலி. அத்தகைய காசாட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைசெய்தது.

ரசிகர்கள் விஷயம்தான் எனக்கு நெருக்கமானது. ஐந்து நாள் உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம் என்கிறார்கள். 2025 ஜனவரி 30 அன்று விராட் கோலி பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ரஞ்சி ஆட டெல்லி மைதானத்துக்கு வந்தார். வார நாள், எதிரணி ரயில்வே. ஆயிரக்கணக்கானவர்கள் விடிகாலையிலிருந்தே வரிசையில் நின்றார்கள். மக்களுக்கு நேரம் இருந்தது, அவர்களுக்குப் பிடித்தவர்களை அங்கே ஆடவிடாததுதான் அதுவரை நடந்த தவறு. பெரிய வீரர் எவரும் ஆடாத, பாதி நாள் ஒளிபரப்பும் இல்லாத, தேதியே தெரியாத ஒரு போட்டிக்கு ஆள் வரவில்லை என்று சொல்லி அதை ஒதுக்குவது நியாயமா?

சேப்பாக்கத்துக் கூட்டம் எப்படி உருவானது என்பதை மறக்கக் கூடாது. 1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். முதுகுவலியோடு 136 ரன் எடுத்த சச்சின் வெளியேறிய பிறகு கைக்குள்ளிருந்த ஆட்டம் கைநழுவியது. அழுதவர்கள் அந்த அரங்கில் உண்டு. ஆனாலும் பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்த அரங்கும் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல் ஒரே நாளில் வந்ததல்ல. பொங்கல் டெஸ்டுகள், ரஞ்சி ஆட்டங்கள், மெரினா காற்று வீசும் மாலைகளில் லீக் ஆட்டங்கள், அப்துல் ஜப்பார் போன்றவர்களின் வானொலி வர்ணனை எல்லாம் சேர்ந்து பல தலைமுறையாகப் பழக்கிய கண்ணும் காதும் அவை. எதிரணிப் பந்துவீச்சாளன் நன்றாக வீசினால் அதை நன்றாக வீசினான் என்று சொல்லத் தெரிந்த கூட்டம். இன்று மஞ்சள் சட்டையோடு வரும் பிள்ளைகளிடம் அன்பு குறைவு என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் அன்பு கடல்போல இருக்கிறது. ஆனால் அந்த அன்புக்கு இவர்கள் கற்றுக்கொடுப்பது என்ன? பவுண்டரியை உள்ளே இழுத்து வைக்கிறார்கள். 2023இல் ‘இம்பாக்ட் பிளேயர்’ என்று பன்னிரண்டாவது ஆளையும் உள்ளே விட்டு, விக்கெட் போனாலும் கவலையில்லை என்றாக்கினார்கள். அடுத்த ஆண்டே ஹைதராபாத் 287 அடித்தது, பஞ்சாப் 262 இலக்கைத் துரத்தி வென்றது. பந்துவீச்சாளன் வெறும் பந்தைப் போட்டுத்தரும் ஆளாகிப்போன ஆட்டத்தில், நல்ல பந்தைப் பார்த்துக் கைதட்டும் கூட்டம் எப்படி வளரும்?

இது இந்தியாவோடு நின்றிருந்தால்கூட மனம் ஆறும். 2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்துக்கு டெஸ்ட் ஆடப் போனபோது, முன்னணி வீரர்களை உள்நாட்டு 20 ஓவர் லீக்கில் விட்டுவிட்டு, டெஸ்டே ஆடியிராத நீல் பிராண்டைத் தலைவராக்கி அனுப்பியது. நியூசிலாந்திடம் டெஸ்ட் தொடரே தோற்றிராத நாடு, இரண்டு டெஸ்டிலும் தோற்றது. அந்த லீக்கின் ஆறு அணிகளையும் வைத்திருப்பவர்கள் நம் ஐபிஎல் முதலாளிகள். மேற்கிந்தியத் தீவுகளின் நிக்கோலஸ் பூரன் ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் 29 வயதில் நாட்டு அணியிலிருந்து விடைபெற்றார். அடுத்த மாதம், 2025 ஜூலையில், அந்த நாடு கிங்ஸ்டனில் 27 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. ராபர்ட்ஸும் ஹோல்டிங்கும் வந்த தீவுகளுக்கு இது நடப்பதைப் பார்த்துக்கொண்டு, இங்கே கிரிக்கெட் செழிக்கிறது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

நம் மாநிலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரஞ்சியின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், மெட்ராஸும் மைசூரும் ஆடியது. தமிழ்நாடு கடைசியாக அந்தக் கோப்பையை வென்றது 1987–88இல். 2016இல் டிஎன்பிஎல் தொடங்கியது. அதன்பின் உள்நாட்டு 20 ஓவர் கோப்பையான முஷ்டாக் அலியை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றோம். ரஞ்சி இறுதியாட்டத்தை ஒருமுறைகூட எட்டவில்லை. டிஎன்பிஎல் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எதற்குப் பயிற்சி தருகிறோமோ அதில்தான் ஜெயிக்கிறோம் என்பதை மறுக்கவும் யாராலும் முடியாது.

பணமில்லை என்ற பதில் இனி செல்லாது. 38 அணிகள், அணிக்குப் பதினொருவர், ஏழு லீக் ஆட்டங்கள், ஆட்டத்துக்கு நாலு நாள் என்று வைத்து, எல்லோருக்கும் உயர்ந்தபட்ச ஊதியமான 60,000 ரூபாயே கொடுத்தாலும் மொத்தம் 70 கோடிதான் ஆகிறது. 48,390 கோடியை அன்று பேசிய 410 ஆட்டங்களுக்கு வகுத்தால் ஐபிஎல்லின் ஒரே ஓர் ஆட்டத்தின் ஒளிபரப்பு விலை 118 கோடி. ரஞ்சி வீரர்களின் நாட்கூலியை மூன்று மடங்காக்க இன்னும் 140 கோடி போதும், இரண்டு ஆட்டப் பணம்கூட ஆகாது. அதை வரும் பருவத்திலேயே கொடுங்கள். ரஞ்சியை நடுவில் வெட்டாமல் ஒரே மூச்சில் நடத்துங்கள், இந்திய வீரர்களுக்கு அந்த நாட்களில் வேறு ஆட்டம் வைக்காதீர்கள். தமிழ்நாடு அணியின் சொந்த மண் ஆட்டங்களில் பாதியையாவது சேப்பாக்கத்தில் வைத்து, பள்ளிப் பிள்ளைகளை வண்டி வைத்து அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவையுங்கள், தமிழ் வர்ணனையோடு நாலு நாளும் ஒளிபரப்புங்கள். இதைச் செய்த பிறகும் யாரும் பார்க்க வரவில்லை என்றால், அப்போது வந்து என்னிடம் சொல்லுங்கள்.